டிராகன் விழித்தால் நஷ்ட ஈடு யார் தருவது?

(டிஸ்கி: 'தி ஹாபிட்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இரண்டின் கதையும் முடிவும் இந்தப் பதிவில் வருகிறது. இன்னும் படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிக்கொள்ளலாம் :-))

நம்ம வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் எதைப் புரட்டினாலும் ஒரு டிராகன் தலையை நீட்டுகிறது. நமக்கு அம்புலிமாமாவில் வேதாளமும் ராட்சசனும் எப்படியோ, அவர்களுக்கு இது அப்படி. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் புத்தகம் படிக்கிறார்களே, அதுவே பெரிய விஷயம் இந்தக் காலத்தில்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? "உனக்கு ஒரு டிராகன் கிடைச்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டால் பதில் எல்லாம் முதுகில் ஏறிப் பறப்பதைப் பற்றியே வரும். எந்த நிறம், என்ன பேர், யாரைப் பொசுக்குவேன், இவ்வளவுதான். "கீழே இருக்கிற ஊர்ல என் வீடு இருந்தா?" என்று ஒரு பிள்ளையும் கேட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளைகளை விடுங்கள், பெரியவர்கள் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஓடிய காலத்தில் ஆபீஸ் கேன்டீனில் ஆளாளுக்கு ஒரு டிராகனைப் பங்கு பிரித்துக்கொண்டுதானே பேசினோம்?

நான் சொல்ல வருவது இதுதான். டிராகன் கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்க வேண்டாம். ஆனால் டிராகன் முதுகில் உட்கார்ந்து படிக்காமல், தரையில் நின்று படிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. நல்ல டிராகன் கதை எழுதியவர்களே அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களை அவசரமாகத் தள்ளிவிட்டுப் போவது நாம்தான்.

எனக்கு மட்டும் ஏன் இப்படித் தோன்றுகிறது என்றால், காரணம் என் பிழைப்பு. நான் இங்கே நாக்பூர் பக்கம் இன்சூரன்ஸ் சர்வேயர். பஞ்சு ஜின்னிங் மில், துணிக் குடோன், எண்ணெய் மில் என்று தீப்பிடித்த இடங்களுக்கு இரண்டாம் நாள் போய் எவ்வளவு நஷ்டம் என்று கணக்கு எழுதுகிற ஆள். தீயை நான் பார்ப்பதே இல்லை. நான் போகும்போது ஈரச் சாம்பலும், ஓரம் கருகிய ஸ்டாக் ரிஜிஸ்டரும், தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் நாலு பேரும்தான் மிச்சம். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பாலிசி முதலாளி பெயரில் இருக்கும். குடோன் மூலையில் எரிந்துபோன மூட்டை தூக்குகிற ஆளின் சைக்கிளும் அவன் சம்பளக் கவரும் எந்தப் பாலிசியிலும் இருக்காது. அவன் என்னிடம் வந்து கேட்பான். "உன் பெயர் இதில் இல்லையேப்பா" என்று சொல்வதைத் தவிர எனக்கு வழி கிடையாது.

இந்தக் கண்ணோடு டிராகன் கதைகளைப் படித்துப் பாருங்கள். வேறு கதையாகத் தெரியும்.

ஒரு கிண்ணம் திருடப் போய்

முதலில் டோல்கீன். 'தி ஹாபிட்' 1937-ல் வந்தது, பிள்ளைகளுக்காக எழுதிய புத்தகம். ஒரு மலைக்குள் குள்ளர்கள் குவித்து வைத்த தங்கத்தைக் கேள்விப்பட்டு ஸ்மாக் என்ற டிராகன் வருகிறது. மலையடிவாரத்தில் இருந்த டேல் என்ற ஊரை அழித்துவிட்டு, தங்கத்தின் மேல் படுத்துத் தூங்குகிறது. தலைமுறைகள் போகின்றன. பக்கத்து ஏரியில் மரக்கால் நட்டுக் கட்டிய எஸ்கரோத் என்ற ஊர் ஜனங்கள் வியாபாரம், மீன், படகு என்று காலம் தள்ளுகிறார்கள். டிராகன் என்பது அவர்களுக்குப் பாட்டி கதை. அது நிஜமா என்றே சில இளவட்டங்களுக்குச் சந்தேகம்.

அப்போது தோரின் என்ற குள்ளர் அரசன், 12 கூட்டாளிகளோடும் பில்போ என்ற ஹாபிட்டோடும், பாட்டன் சொத்தை மீட்க வருகிறான். ஊர் ஜனங்கள் ஆடிப் பாடி வரவேற்கிறார்கள். இனி ஆற்றில் தங்கம் ஓடும் என்று பாட்டு. ஊர்த் தலைவருக்கு இதில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் கூட்டம் பாடும்போது எதிர்த்துப் பேசுகிற தலைவர் எந்த ஊரில் இருக்கிறார்? படகு, சாப்பாடு, குதிரை எல்லாம் கொடுத்து அனுப்பி வைக்கிறார்.

பில்போ உள்ளே போய் ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்து வருகிறான். மலை மாதிரி குவிந்த தங்கத்தில் ஒரு கிண்ணம்! டிராகன் விழித்துக்கொள்கிறது. அடுத்த தடவை அதனிடம் விடுகதை போட்டுப் பேசும்போது, பீப்பாயில் வந்தவன் என்று தன்னைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை விட்டுவிடுகிறான் பில்போ. ஏரி ஊர்க்காரர்கள்தான் இவர்களுக்கு உதவி என்று ஸ்மாக் முடிவு கட்டி, நேராக எஸ்கரோத் மேல் போய் இறங்குகிறது. கிணறு வெட்ட பூதம் கிளம்பினது என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான். ஒரு வித்தியாசம், கிணறு வெட்டியவன் ஒருத்தன், பூதம் அடித்தது வேறொரு ஊரை.

பார்ட் என்ற வில்லாளி கறுப்பு அம்பால் அதை வீழ்த்துகிறான். இதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிற காட்சி. ஆனால் செத்த டிராகன் எங்கே விழுகிறது? ஊர் மேலேயே. கொஞ்ச நஞ்சம் நின்ற ஊரும் போச்சு. நாலில் மூன்று பங்கு ஜனங்கள் உயிரோடு கரை சேர்ந்தார்கள் என்கிறார் டோல்கீன். அப்படியானால் மீதி கால் பங்கு? அதை நம்மைக் கணக்குப் போட விட்டுவிடுகிறார். அதோடு, காயமே படாமல் தப்பித்தவர்களில் பலர் அன்று ராத்திரி ஈரத்திலும் குளிரிலும் துக்கத்திலும் நோய் பிடித்துப் பிறகு செத்துப்போனார்கள் என்றும் எழுதுகிறார். பிள்ளைகள் புத்தகத்தில்! முதல் உலகப் போரில் ஸோம் போர்க்களத்தில் நின்றவர் அவர். ஊர் எரிந்த பிறகுதான் சாவு தொடங்குகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஊர்த் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? டிராகன் வந்தபோது தங்கமுலாம் பூசிய தன் படகைத் தேடி ஓடினார். கரைக்கு வந்ததும் ஜனங்கள் அவரைத் திட்டத் தொடங்க, "என்னை ஏன் திட்டுகிறீர்கள், டிராகனை எழுப்பினது யார், அந்தக் குள்ளர்கள்தானே" என்கிற மாதிரி பேசிக் கோபத்தை அழகாகத் திருப்பிவிட்டார். நமக்குத் தெரியாத டெக்னிக்கா இது :-)

காரணம் யார்?

எங்கள் தொழிலில் 'ப்ராக்ஸிமேட் காஸ்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. நஷ்டத்துக்கு அண்மைக் காரணம் எது என்று பார்ப்பது. கடிகாரத்தில் கடைசியாக வந்த காரணம் என்று அர்த்தம் இல்லை. எது மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டதோ, பலத்தில் பெரியதோ, அது. எஸ்கரோத் எரிந்ததற்கு அண்மைக் காரணம் எது? ஸ்மாக்கின் கோபமா? பில்போவின் கிண்ணமா? தோரினின் பரம்பரைச் சொத்து ஆசையா? பாட்டுப் பாடிய ஜனங்களா? ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இதைப் பேசிப் பாருங்கள். ஸ்கூலில் பத்துப் பரீட்சை எழுதி வராத புத்தி இதில் வரும்.

டோல்கீன் இதை அந்தரத்தில் விடவில்லை. டிராகன் செத்த பிறகும் புத்தகம் கணிசமாக மிச்சம் இருக்கிறது. அது முழுக்க நஷ்ட ஈட்டுச் சண்டைதான். பார்ட் மலை வாசலில் போய் நின்று மூன்று காரணம் சொல்கிறான். டிராகனைக் கொன்றது நான். இந்தக் குவியலில் டேல் ஊர்ச் சொத்தும் கலந்திருக்கிறது, நான் அந்த வம்சம். மூன்றாவது, உங்களுக்கு உதவி செய்ததால்தான் ஏரி ஜனங்கள் வீடு வாசல் இழந்து நிற்கிறார்கள். இதைவிட நேர்மையான க்ளெய்மை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. தோரின் பதில்? கொடுத்த சாப்பாட்டுக்கும் படகுக்கும் பிறகு விலை தருகிறேன், வாசலில் ஆயுதத்தோடு நிற்கும்போது ஒரு ரொட்டித் துண்டு கூடக் கிடையாது. ரோஷக்காரன், கெட்டவன் இல்லை. ஆனால் அவன் ரோஷத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் குளிரில் கிடக்கிறது.

கடைசியில் ஐந்து படைகள் மோதுகிற போர். தோரினும் அவன் சகோதரி மகன்கள் இருவரும் சாகிறார்கள். அதன் பிறகு புதையலில் 14-ல் ஒரு பங்கு பார்ட்டுக்குக் கிடைக்கிறது. ஏரி ஜனங்களின் நிவாரணத்துக்காக அவன் நிறையத் தங்கத்தை ஊர்த் தலைவரிடம் கொடுக்கிறான். தலைவர் என்ன பண்ணினார்? பெரும்பகுதியைச் சுருட்டிக்கொண்டு ஓடி, கூட வந்தவர்களும் கைவிட, பாழ்நிலத்தில் பட்டினி கிடந்து செத்தார். நிவாரண நிதியின் கதி! 1937-ல், இங்கிலாந்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பேராசிரியர் எழுதினது. தங்கத்தைக் காத்துக்கொண்டு படுத்திருக்கும் குணத்தை டிராகன் நோய் என்றே அவர் சொல்கிறார். டிராகன் செத்தாலும் அந்த நோய் மனிதனுக்குத் தொற்றிக்கொள்கிறது.

ஆட்டு எலும்போடு வரிசையில் நின்றவர்கள்

இனி மார்ட்டின். 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் புத்தகம் 1996-ல் வந்தது. அந்த உலகத்தில் டிராகன் இனமே அழிந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. மண்டை ஓடுகள்தான் மிச்சம். நாடு கடந்து வாழும் இளவரசி டெனெரிஸுக்குக் கல்யாணப் பரிசாக மூன்று டிராகன் முட்டைகள் வருகின்றன, கல்லாகிப் போனவை. புருஷன் சிதையில் அவள் அந்த முட்டைகளோடு இறங்க, விடிந்து பார்த்தால் மூன்று குஞ்சுகள். புத்தகம் அங்கே முடியும். முதல் தடவை படிக்கும்போது யாருக்கும் புல்லரிக்கும். எனக்கும் புல்லரித்தது.

அதன் பிறகு உலகம் எப்படிக் கலங்குகிறது என்பதை மார்ட்டின் நிதானமாகக் காட்டுகிறார். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், தலைநகரில், பச்சைத் தீ தயாரிக்கிற ரசவாதிகளுக்குத் திடீரென்று மந்திரம் நன்றாகப் பலிக்கிறது. ஒருத்தர் சந்தேகப்பட்டு, எங்கேயாவது டிராகன் இருக்கிறதா என்று மந்திரியிடம் விசாரிக்கிறார். பெரிய பலம் ஒன்று ஓரிடத்தில் விழித்தால், அதைக் கண்ணால் பார்க்காதவன் கையில் இருக்கிற நெருப்பும் சேர்ந்து வீரியம் பெறுகிறது. டிராகனை அணுகுண்டோடு ஒப்பிட்டு மார்ட்டினே பேட்டிகளில் பேசியிருக்கிறார். அது எப்படி என்று இந்த இடத்தில் புரியும்.

நியாயமாகப் பேசுவோம். டெனெரிஸ் செய்த நல்லதை மறைக்க முடியாது. அஸ்தபோர் என்ற அடிமை வியாபார நகரத்தில், ஒரு டிராகனை விலையாகக் கொடுத்து அடிமைப் படையை வாங்குகிறாள். பிறகு அதே படையையும் டிராகனையும் எஜமானர்கள் மேல் திருப்பி, அடிமைகள் எல்லோருடைய சங்கிலியையும் உடைக்கச் சொல்கிறாள். கேட்டுக் கேட்டுக் கெஞ்சி வாங்குகிற விடுதலை இல்லை அது. "டிராகன் இல்லாம இது நடந்திருக்குமா?" என்று யாராவது கேட்டால், நடந்திருக்காது என்பதுதான் நேர்மையான பதில்.

ஆனால் பிறகு? ஒரு வைத்தியர், ஒரு அறிஞர், ஒரு பூசாரி என்று மூன்று பேர் கையில் ஊரைக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த நகரத்துக்குப் போய்விடுகிறாள். அவர்களைக் கவிழ்த்துவிட்டு ஒரு கசாப்புக்காரன் ராஜா ஆகிறான். பழைய எஜமானர் வீட்டுப் பையன்களைப் பிடித்துப் புது அடிமைப் படை தயார் செய்கிறான். பிறகு முற்றுகை, பஞ்சம், பேதி நோய். கடைசியில் ஊரே அழிகிறது. தப்பித்தவர்கள் நோயோடு நடந்து வந்து அவள் கோட்டை வாசலில் விழுகிறார்கள். டிராகனுக்குச் சங்கிலியை உருக்கத் தெரியும். மறுநாள் காலையில் கஞ்சி ஊற்ற அதனால் ஆகாது. அது வேறு வேலை, வேறு ஆட்கள், வேறு பொறுமை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 2011-ல் வந்த ஐந்தாம் புத்தகம். டெனெரிஸ் மீரீன் நகரத்து அரசி. தினமும் தர்பார். ஆடு மேய்க்கிறவர்கள் கருகின எலும்புகளோடு வரிசையில் நிற்கிறார்கள். "உங்க டிராகன் எங்க ஆட்டைத் தின்னுடுச்சு தாயே." இது பொய் க்ளெய்ம், எலும்பை இவன்களே சுட்டுக் கொண்டுவருகிறான்கள் என்று மந்திரி காதில் ஓதுகிறார். அவள் பணம் கொடுக்கச் சொல்கிறாள். ஆனால் இனிமேல் கேட்டு வருகிறவர்கள் கோவிலில் சத்தியம் செய்துவிட்டு வரவேண்டும் என்று ஒரு நிபந்தனை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. க்ளெய்ம் ஃபார்ம், அஃபிடவிட், ஃப்ராட் சந்தேகம், எல்லாம் அப்படியே எங்கள் ஆபீஸ்!

எல்லோரும் போன பிறகு ஒருத்தன் மட்டும் நிற்கிறான். அவனிடமும் ஒரு பை. அதிலும் எலும்பு. ஆட்டு எலும்பு இல்லை. ஹாஸியா என்ற 4 வயதுப் பெண் குழந்தை. அவன் மகள்.

டெனெரிஸ் அவனுக்கு ஆட்டு விலையைப் போல நூறு மடங்கு கொடுக்கிறாள். குழந்தையின் நினைவாகக் கோவிலில் விளக்கு ஏற்றச் சொல்கிறாள். வருஷா வருஷம் வா, உன் மற்றப் பிள்ளைகளுக்குக் குறை வைக்கமாட்டேன் என்கிறாள். அதோடு ஒன்று: இதை நீ வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது.

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. உண்மையாகவே துடிக்கிறாள். டிராகன்கள் இரண்டைக் குழிக்குள் சங்கிலியால் கட்டிப் போடுகிறாள். ஆனால் பாருங்கள், மாட்டினது சாதுவான இரண்டு. குழந்தையைத் தின்ற கறுப்பு டிராகன் பிடிபடாமல் பறந்து போய்விட்டது. இது கற்பனையா? நீங்கள்தான் சொல்லவேண்டும்.

அந்தத் தகப்பனிடம் வாங்கின மௌனத்தை யோசித்துப் பார்க்கிறேன். நல்ல அரசி, நல்ல எண்ணம், கை நிறையப் பணம், ஆனாலும் முதல் வேலை வாயை மூடுவது. பெரிய பலத்தை வைத்திருக்கிறவர்கள் மனசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கணக்கில் ஒரு பெயர் மறைந்துதான் போகிறது. எட்டு சீசன் ஓடிய கதையில் "ட்ரகாரிஸ்" என்று கத்தத் தெரியாத ரசிகன் கிடையாது. ஹாஸியா என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

பட்டியல் வைத்த தீயும் பட்டியல் இல்லாத தீயும்

தொலைக்காட்சித் தொடர் புத்தகங்களைத் தாண்டிப் போய்த் தன் முடிவைத் தானே எழுதிக்கொண்டது. 2019-ல் வந்த கடைசி சீசன். சரணடைந்துவிட்டோம் என்று தலைநகரத்து மணிகள் அடித்த பிறகும் டெனெரிஸ் டிராகனில் ஏறி ஊரைத் தெருத் தெருவாக எரிக்கிறாள். உலகம் முழுக்கக் கூச்சல். அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அவள் பட்டப்பெயரான கலீசி என்று பெயர் வைத்தவர்கள் திகைத்துப் போனார்கள். கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். திரைக்கதை அவசரத்தில் ஓடியது உண்மைதான், அதில் எனக்கும் குறை உண்டு. ஆனால் கோபத்துக்கு அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த எபிசோடில் பெரும்பகுதி காமிரா தரையில் இருந்தது. சாம்பல் மூடின தெருவில் ஆர்யா என்ற பெண் ஓடுகிறாள், ஒரு தாயும் மகளும் ஓடுகிறார்கள். இத்தனை வருஷம் நாம் மேலே உட்கார்ந்து பார்த்த அதே நெருப்பைக் கீழே நின்று பார்க்கச் சொன்னால் கோபம் வராதா?

ஊரை எரித்தது என்றதும் நமக்கு உடனே கண்ணகி ஞாபகம் வரும். ஆனால் சிலப்பதிகாரத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகி, யாரைத் தொடக்கூடாது என்று தீக்கு ஒரு பட்டியலும் கொடுக்கிறாள். முதியவர்கள், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், அறவோர், பார்ப்பார், பசு. அந்தப் பட்டியலில் யார் இருக்கலாம், யார் விடுபட்டார்கள் என்று நாம் இன்றைக்குச் சண்டை போடலாம், போடவும் வேண்டும். ஆனால் அவ்வளவு கோபத்திலும் பட்டியல் என்று ஒன்று இருந்தது. டெனெரிஸும் அஸ்தபோரில் ஒரு வரம்பு வைத்தாள், 12 வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளைத் தொடாதே என்று. அன்றைக்கு அவள் உத்தரவு போட்டது மனிதர்களுக்கு. காதில் வாங்கிக்கொள்ள ஆள் இருந்தார்கள். தலைநகரத்தில் அவள் ஏவியது டிராகனை. கண்ணகியின் தீ பேச்சைக் கேட்கும், டிராகனின் தீ கேட்காது. பலம் பெரிதாகப் பெரிதாகப் பட்டியல் சுருங்குகிறது, கடைசியில் பட்டியலே இல்லாமல் போகிறது.

கற்பனைக்கு எதுக்கு சார் கணக்கு?

"ஒரு கதையை ரசிக்க விடாம இப்படிச் சாம்பலைக் கிளறணுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பறக்கிற ஆசை இல்லாத பிள்ளை உண்டா? அதைக் கெடுக்கச் சொல்லவில்லை. பறக்கட்டும். ஆனால் இறங்கின பிறகு கீழே என்ன ஆச்சு என்று பார்க்கிற பழக்கமும் கூட வரட்டும். டோல்கீனும் மார்ட்டினும் அந்தப் பக்கங்களை எழுதி வைத்திருக்கும்போது, அவற்றைத் தாண்டிப் போவதுதான் கதையைக் கெடுப்பது.

அதோடு, நாம் இருக்கிற நிலையையும் பாருங்கள். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற குடும்பங்கள் நாம். வாடகை வீடு, புரியாத பாஷையில் ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுக்காரர் தயவு. பெரிய ஆட்கள் எங்கேயோ எதையோ எழுப்பிவிட்டால் நாம் நிற்கப் போவது தரையில்தான். 1991 டிசம்பரில் பெங்களூரில் இருந்த தமிழ்க் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். 2016 செப்டம்பரில் அதே காவிரிப் பிரச்சினையில் அதே ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தபோது, பஸ் எண்ணிக்கை பேப்பரில் வந்தது. அந்த ராத்திரியைப் பிள்ளைகளோடு விளக்கை அணைத்துவிட்டுக் கழித்தவர்கள் கணக்கு எந்தப் பேப்பரிலும் வரவில்லை. நம் ஊரில் பிழைக்க வந்த பிற மாநிலத்துக்காரர்களுக்கும் இதே பயம் உண்டு, அதையும் சேர்த்தே சொல்கிறேன். அப்படிப்பட்ட வீட்டில் வளர்கிற பிள்ளை, எரிகிற ஊரை மேலே இருந்து பார்த்துக் கைதட்டினால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது.

அதனால், டிராகன் கதை படித்து முடித்த பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள் என்பேன்.

1. டிராகனை எழுப்பினது யார், எதுக்காக?

2. ஊர் எரிஞ்ச அன்னைக்கு ராத்திரி ஜனங்களுக்குச் சோறு போட்டது யார்? (ஹாபிட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. புதையலுக்காகப் படையோடு கிளம்பின எல்ஃப் ராஜா, பார்ட் அனுப்பின செய்தியைக் கேட்டு, வழியை மாற்றி முதலில் ஏரிக்கரைக்கு உதவிக்கு வருகிறார். அவர் ஆசை இல்லாதவர் இல்லை. ஆனாலும் முதலில் வந்தார்.)

3. கடைசியில் பாட்டில் யார் பேர் வருது, யார் பேர் வரலை?

பதில் தப்பாக இருந்தால் பரவாயில்லை. கேள்வி காதில் விழுந்தால் போதும்.

ஹாபிட் முடிகிற இடத்தில், சில வருஷம் கழித்து ஒரு பழைய நண்பர் பில்போ வீட்டுக்கு வந்து ஊர்ச் சேதி சொல்கிறார். டேல் திரும்பக் கட்டியாச்சு, ஏரி ஊரும் திரும்ப எழும்பியாச்சு, வியாபாரம் நன்றாக நடக்கிறது, புதுத் தலைவர் புத்திசாலி. சில வரிகளில் முடிந்துவிடும். அந்தச் சில வரிக்குள் மரம் அறுத்தவன், ஏரியில் கால் நட்டவன், கூரை போட்டவன், குளிரில் செத்த பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து மறுபடி வலை பின்னினவள் எல்லோரும் இருக்கிறார்கள். டோல்கீன் அவர்கள் பெயரை எழுதவில்லை. உங்கள் பிள்ளையிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்து, அவர்களில் ஒருத்தர் கதையை எழுதச் சொல்லுங்களேன், தமிழோ இங்கிலீஷோ எதுவானாலும் சரி.

பி.கு: ஹாபிட்டை 9, 10 வயதில் தாராளமாகக் கொடுக்கலாம், கூட உட்கார்ந்து படித்தால் இன்னும் நல்லது. மார்ட்டின் புத்தகங்களும் தொடரும் பெரியவர்களுக்கு மட்டும். டிராகன் படம் போட்டிருக்கிறதே என்று அட்டையைப் பார்த்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள் :-)